மேட்டில் திணறும் மோட்டார் சைக்கிள்



பெடோங், பாடாங் செராய், கோல கெட்டில் வட்டாரங்களில் தோட்ட வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருள் அன்று. விடியற்காலையில் பால்மரம் சீவப் போவதும் அதில்தான்; பிள்ளையைப் பள்ளியில் இறக்குவதும் அதில்தான்; இரவில் காய்ச்சல் கண்டால் மருந்தகத்துக்கு ஓடுவதும் அதில்தான். அந்த வண்டியின் இஞ்சின் ஒரு நாள் 'ஜாம்' ஆகி நின்றுவிட்டால், பிஸ்டனும் சிலிண்டரும் மாற்றுவதற்குள் பல நாள் கூலி கரைந்துபோகும். எண்ணெய்க் குறைவும் அளவு கடந்த சூடுமே பெரும்பாலும் இதற்குக் காரணம். அந்தச் சூட்டைப் பற்றி இன்று பேசுவோம்.

நம் பக்கத்தில் அதிகம் ஓடுவது 'கப்சாய்' எனும் சிறிய வண்டி. ஹோண்டா நிறுவனம் 1958இல் வெளியிட்ட சூப்பர் கப் வண்டியின் வழிவந்தது இது. 'கப்' என்ற அந்தப் பெயருடன் சிறியது என்று பொருள்படும் 'சாய்' என்ற சீனச் சொல் சேர்ந்து கப்சாய் ஆயிற்று என்பார்கள். பழைய சி.70, அதற்குப் பின் வந்த இ.எக்ஸ்.5 ஆகியவற்றில் தண்ணீர்த் தொட்டி கிடையாது. காற்று ஒன்றுதான் அவற்றைக் குளிர்விக்கிறது.

கொதிக்கும் தேநீரை அவசரமாகக் குடிக்க வேண்டுமானால் என்ன செய்கிறோம்? தட்டில் ஊற்றி, ஊதுகிறோம். தட்டில் ஊற்றுவதால் தேநீரின் பரப்பு விரிகிறது. ஊதுவதால் சூடான காற்று விலகிப் புதுக் காற்று வந்து சேர்கிறது. இஞ்சினைச் சுற்றி வரிவரியாக நிற்கும் தகடுகள் அந்தத் தட்டுக்குச் சமம். வண்டி ஓடும்போது எதிர்ப்படும் காற்று நாம் ஊதுவதற்குச் சமம். ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் இதைக் கேட்டால் உடனே சொல்லிவிடுகிறார்கள். பெரியவர்கள்தான் அந்தத் தகடுகளை அழகுக்கு வைத்தது என்று எண்ணியிருக்கிறார்கள்!

எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறக்குறைய கால் பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் வேலையாக மாறுகிறது. மற்றதெல்லாம் புகைக்குழாய் வழியாகவும் இஞ்சினின் உலோகம் வழியாகவும் வெளியேற வேண்டும். தார்ச்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால், வினாடிக்கு 16 மீட்டருக்கும் மேலான வேகத்தில் காற்று தகடுகளைத் தழுவும். பால் டின்னோ செம்பனைக் குலையோ ஏற்றிக்கொண்டு முதல் கியரில் மண்மேட்டில் 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது, அது மூன்று மீட்டருக்கும் குறைந்துவிடுகிறது. இஞ்சினோ அப்போதுதான் முழு மூச்சோடு உழைக்கிறது. சூடு மிகுதி, காற்று குறைவு. தோட்ட வண்டி சீக்கிரம் கெடுவதன் இரகசியம் இதுதான். ஜனவரி முதல் மார்ச் வரை கெடாவில் வெயில் காயும் நாட்களில் சொல்லவே வேண்டாம்.

இதோடு இன்னொரு சங்கடமும் உண்டு. கப்சாயின் சிலிண்டர் நிமிர்ந்து நிற்பதில்லை. முன்சக்கரத்தை நோக்கிப் படுத்திருக்கிறது. காற்று நேராகப் படுவதற்கு இது நல்ல அமைப்பு. ஆனால் முன்சக்கரம் வாரி அடிக்கும் செம்மண் சேறும் நேராக அங்கேதான் போய் அப்பிக்கொள்கிறது. இஞ்சின் சூட்டில் அது செங்கல்போல் வேகிறது. கசியும் எண்ணெயும் கலந்துவிட்டால் கெட்டியான பொருக்காகிறது. குளிருக்குக் கம்பளி போர்த்துவது சரி. வேகும் இஞ்சினுக்கு யாராவது கம்பளி போர்த்துவார்களா?

ஆகவே புதிதாக எதையும் வாங்கி மாட்டுவதற்கு முன், வண்டி இழந்ததை அதற்குத் திருப்பிக் கொடுங்கள். இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, சவர்க்கார நீரால் சேற்றை ஊறவையுங்கள். மூங்கில் குச்சி, பழைய பல் துலக்கி போன்றவற்றால் தகடுகளின் இடைவெளியைச் சுரண்டி எடுங்கள். உளியோ திருப்புளியோ வைத்துக் குத்தினால் தகடுகள் ஒடிந்துபோகும். அழகுக்காகத் தடித்த சாயமும் பூச வேண்டாம். முன் மட்கார்டின் அடியில் ஒரு ரப்பர் மடல் இருந்தால் சேறு குறையும். அதை அகலமாக வைத்துக் காற்றையும் மறைத்துவிடக் கூடாது.

சூடான இஞ்சின்மேல் வாளித் தண்ணீரை ஊற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு. கூடவே கூடாது. உலோகம் ஒரு பக்கம் திடீரென்று சுருங்கினால் கோணும், விரிசலும் விடலாம். "மழையில் ஓடுகிறதே, அப்போது என்ன ஆகிறது?" என்று கேட்பீர்கள். மழை சிறுகச் சிறுகப் பட்டு ஆவியாகிறது. வாளித் தண்ணீர் ஒரேயடியாக விழுகிறது. வேறுபாடு அதுதான். ஒரு சொட்டு நீர் பட்டால் 'சுர்' என்கிறதே என்றும் பயப்பட வேண்டாம். காற்றால் குளிரும் இஞ்சினின் தலைப்பகுதி 100 பாகைக்கு மேல் சூடாவது இயல்புதான். வழக்கமாக ஏறும் மேட்டில் வலு குறைவது, 'டக் டக்' என்று தட்டும் ஓசை, தீய்ந்த எண்ணெய் வாடை, இவைதான் அபாயக் குறிகள். தட்டும் ஓசை கேட்டால் நிழலில் நிறுத்தி ஆறவிடுங்கள். பிறகு சுமையைக் குறைத்து ஏறுங்கள்.

அடுத்தது எண்ணெய். வழுக்கச் செய்வது மட்டும் அதன் வேலையன்று. காற்று எட்டாத உள்பகுதிகளின் சூட்டை வாங்கி வெளிச்சுவருக்குக் கொண்டுவருவதும் அதுதான். இவ்வளவு வேலையும் பார்க்கும் எண்ணெய், சி.70 போன்ற வண்டியில் ஒரு லிட்டர்கூட இல்லை. அதில் கால் லிட்டர் எரிந்துபோனால் எவ்வளவு பெரிய நட்டம் என்று எண்ணிப் பாருங்கள். வாரம் ஒரு முறையாவது அளவுக்கோலை உருவிப் பாருங்கள். மேடும் சேறும் சுமையுமாக உழைக்கும் வண்டிக்குக் கையேடு குறித்த தூரத்துக்கு முன்பே எண்ணெய் மாற்றுவது நல்லது. வடித்த எண்ணெயை ஓடையில் ஊற்றாமல் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

சில நேரம் இஞ்சின் தானே அதிகச் சூட்டை உண்டாக்கும். கார்புரேட்டர் துளை அடைத்தாலும், அதற்கும் இஞ்சினுக்கும் நடுவே காற்றுக் கசிந்தாலும், பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தெரியும்: இளம் பழுப்பு நிறம் நல்லது; சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் மேஸ்திரியிடம் காட்டுங்கள். வால்வு இடைவெளியையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறிய ஹோண்டா வண்டிகள் பலவற்றில் இது, இஞ்சின் ஆறியிருக்கும்போது, 0.05 மில்லிமீட்டர், எழுதும் தாளின் பருமனில் ஏறக்குறையப் பாதி. இடைவெளி இல்லாமல் போனால் புகை வால்வு இருக்கையில் சரியாக அமராது. அதன் சூடு இறங்க வழியின்றி வால்வு கருகும். பின்சக்கர பிரேக்கில் சேறு இறுகி உரசிக்கொண்டே இருப்பதும் இஞ்சினுக்கு வீண்சுமைதான்.

காட்டுப்பாதையில் ஓடும் நான்கு சக்கர மோட்டார் சைக்கிள்களிலும் இதே கதைதான். 1980களின் தொடக்கத்தில் வரத் தொடங்கிய அவற்றில், அகன்ற டயரும் மெதுவான ஓட்டமும் சேர்ந்து இஞ்சினை வாட்டின. அது ஓட்டுபவரின் கால்களுக்கு நடுவே ஒளிந்திருப்பதால் காற்றும் குறைவு. அதனால் பல வண்டிகளில் எண்ணெயை வெளியே கொண்டுவந்து ஆற்றும் சிறு குளிர்விப்பானும் மின்விசிறியும் வைத்தார்கள். பழைய வண்டி என்றால், குளிர்விப்பானில் சேறு அடைத்திருக்கிறதா, விசிறி சுற்றுகிறதா என்று முதலில் பாருங்கள்.

அத்தகைய குளிர்விப்பானைக் கப்சாயிலும் சிலர் பொருத்துகிறார்கள். பயன் உண்டு, ஆனால் எண்ணெய் அழுத்தத்தைத் தாங்கும் குழாயாக இருக்க வேண்டும், புகைக்குழாயில் படாமல் கட்ட வேண்டும். மலிவான குழாய் நடுவழியில் வெடித்தால், உள்ள எண்ணெய் முழுவதும் சில நொடிகளில் வெளியேறிவிடும். தகடும் எண்ணெயும் வால்வும் சரியாக இருக்கும் வண்டிக்குப் பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை.