பச்சிளங் குழந்தைகளில் குருதி உறைகட்டி

பச்சிளங் குழந்தைகளில் குருதி உறைகட்டி என்பது, பிறந்து 28 நாட்களுக்குட்பட்ட குழந்தையின் குருதிக் குழாயினுள் குருதி உறைந்து ஓட்டத்தைத் தடுக்கும் நிலையாகும். இது அரிதானது. உறைகட்டிக்குத் தரப்படும் மருந்தே மூளையில் குருதிக்கசிவை உண்டாக்கக்கூடும் என்பதால், இதன் மருத்துவம் பெரியவர்களுக்கான மருத்துவத்திலிருந்து வேறுபடுகின்றது.

காரணங்கள்

மருந்தும் ஊட்டமும் செலுத்துவதற்காகத் தொப்புள் குருதிக் குழாயிலோ பிற பெரிய சிரைகளிலோ இடப்படும் வடிகுழாயே முதன்மைக் காரணமாகும். குறைப்பிரசவம், நோய்த்தொற்று, நீரிழப்பு, தாயின் நீரிழிவு ஆகியன ஏனைய காரணங்கள். வடிகுழாயின்றி ஏற்படுவனவற்றுள் சிறுநீரகச் சிரை உறைகட்டி குறிப்பிடத்தக்கது.

அறிகுறிகள்

தமனி அடைபட்டால் கை அல்லது கால் வெளிறிக் குளிர்ந்துவிடும். சிரை அடைபட்டால் வீங்கி நீலநிறமாகும். சிறுநீரகச் சிரை அடைபட்டால் சிறுநீரில் குருதி, விலாப்பகுதியில் வீக்கம், குருதிச் சிறுதட்டுக் குறைவு ஆகியன தோன்றலாம். டாப்ளர் மீயொலிச் சோதனை மூலம் நோய் உறுதிசெய்யப்படுகின்றது.

மருத்துவம்

தீங்கு விளைவிக்காத சிறிய உறைகட்டிகள் மீண்டும் மீண்டும் மீயொலிச் சோதனை செய்து கண்காணிக்கப்படுகின்றன. ஏனையவற்றுக்கு எப்பாரின் வகை மருந்துகள் தரப்படுகின்றன. இவை கட்டியைக் கரைப்பதில்லை. மேலும் வளராமல் தடுக்கின்றன. எப்பாரின், குருதியிலுள்ள எதிர்த்துரொம்பின் என்னும் புரதத்தின் வழியாகவே செயற்படும். பச்சிளங் குழந்தைகளில் இப்புரதம் பெரியவர்களின் அளவில் ஏறத்தாழப் பாதியே உள்ளது. எனவே உடல் எடைக்கேற்பக் கூடுதல் மருந்து தேவைப்படுகின்றது. எடுத்துக்காட்டாக, எனொக்சாபாரின் பெரியவர்களுக்குக் கிலோகிராமுக்கு 1 மில்லிகிராம் எனவும், இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுக்கு 1.5 மில்லிகிராம் எனவும் 12 மணிநேரத்துக்கு ஒருமுறை தோலின்கீழ் செலுத்தத் தொடங்கப்படும். பின்னர் குருதிச் சோதனையின்படி அளவு மாற்றப்படும். மருத்துவம் பொதுவாக 6 வாரம் முதல் 3 மாதம் வரை நீடிக்கும்.

உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து நேரும்போது மட்டுமே, கட்டியைக் கரைக்கும் அல்டெபிளேசு தரப்படுகின்றது. அதற்குமுன் தலை மீயொலிச் சோதனை செய்யப்படும். மூளையில் குருதிக்கசிவு இருப்பின் இம்மருந்து பொதுவாகத் தவிர்க்கப்படும். இம்மருந்து செயற்படத் தேவையான பிளாசுமினோசனும் குறைவாக இருப்பதால், குருதிநீர்மம் சேர்த்துத் தரப்படுவதுண்டு.

பின்விளைவுகள்

சிறுநீரகச் சிரை உறைகட்டி ஏற்பட்ட குழந்தைகளில், மருத்துவம் அளிக்கப்பட்ட பின்னரும் சிறுநீரகம் சுருங்குதல், உயர் குருதியழுத்தம் ஆகியன ஏற்படலாம். ஆதலால் இவர்கள் பல ஆண்டுகள் கண்காணிக்கப்பட வேண்டும்.