கௌராமி வளர்க்கப் போறீங்களா? மீனுக்கு முன்னாடி தண்ணீரைத் தயார் பண்ணுங்க!

மான்குர்த்தில் சின்ன வாடகை வீடு. நாய் வளர்க்க ஓனர் சம்மதிக்க மாட்டார், செடி வைக்க பால்கனியும் இல்லை. பலருக்கும் அப்போது தோன்றுவது மீன் தொட்டிதான். ஹார்பர் லைனில் ஏறினால் நான்காவது ஸ்டேஷன் குர்லா. அங்கே ஞாயிற்றுக்கிழமை வண்ண மீன் சந்தை.

சின்ன கௌராமி பற்றி அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "இது காத்தை சுவாசிக்கிற மீன். ஃபில்டர் வேணாம், கண்ணாடி பௌலே போதும்." இதில் முதல் வாக்கியம் மட்டும்தான் உண்மை.

காற்றை எப்படி சுவாசிக்கிறது?

ட்வார்ஃப் கௌராமி, ஹனி கௌராமி இரண்டுமே கங்கை, பிரம்மபுத்திரா படுகை மீன்கள். 1822-ல் வெளியான ஃபிரான்சிஸ் ஹாமில்டனின் கங்கை மீன்கள் பற்றிய நூலில்தான் இவை அறிவியலுக்கு அறிமுகமாயின. பாசி அடர்ந்த, ஓட்டம் குறைந்த தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு. அதைச் சமாளிக்க, செவுளுக்கு மேலே 'லாபிரிந்த்' என்ற தனி உறுப்பு இருக்கிறது. மீன் மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும்.

அப்புறம் ஏன் பௌலில் சாகிறது?

காரணம் அமோனியா. மீனின் கழிவும் மிச்சமான தீனியும் அமோனியாவாகி, செவுளை அரிக்கும். லாபிரிந்த் உறுப்பு ஆக்ஸிஜனுக்கு உதவுமே தவிர, இந்த விஷத்திலிருந்து காப்பாற்றாது. தண்ணீர் சூடாக ஆக விஷத்தன்மையும் கூடும். மே மாத மும்பையை நினைத்துப் பாருங்கள்.

அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் தொட்டியில் வளர 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் வேண்டாம். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை தீனி மட்டும் போடுங்கள். பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. டெஸ்ட் கிட்டில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியம் காட்டினால் தொட்டி ரெடி.

எவ்வளவு பெரிய தொட்டி?

45 × 30 × 30 செ.மீ. தொட்டி விளிம்பு வரை 40.5 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, கூழாங்கல் எல்லாம் சேர்த்தால் 50 கிலோ அளவுக்கு வரும். பிளைவுட் ஷெல்ஃபில் வைக்காதீர்கள். மூடி அவசியம்.

என்ன செடி?

ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டையும் மரத்துண்டில் கட்டினாலே போதும். குறைந்த வெளிச்சத்திலும் வளரும். வாலிஸ்னேரியாவைக் கல்லில் ஊன்றலாம். மேலே கொஞ்சம் மிதக்கும் செடி வேண்டும். ஆண் மீன் நுரைக்கூடு கட்டுவது அதன் அடியில்தான். மேற்பரப்பில் பாதியாவது திறந்திருக்கட்டும், மீன் மூச்சு விடணுமே! விளக்கு 6 முதல் 8 மணி நேரம். வேகமான நீரோட்டம் கௌராமிக்கு ஆகாது. ஸ்பாஞ்ச் ஃபில்டர் சரியாக இருக்கும்.

மாநகராட்சித் தண்ணீர் ஊற்றலாமா?

ஊற்றலாம், குளோரினை நீக்கிய பிறகு. அது மீனையும் பாதிக்கும், பாக்டீரியாவையும் கொல்லும். ஆன்டி-குளோரின் சொட்டு மருந்து கலந்துவிடுங்கள். வாரம் கால் பங்கு மாற்றினால் போதும், சுமார் 10 லிட்டர். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் ஒரு வாளி பிடித்து வைத்தால் வேலை முடிந்தது. ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள்.

எந்த கௌராமி?

முதல் தொட்டிக்கு ஹனி. சாதுவானது, 5 செ.மீ. அளவுதான். ஒரு ஆண், இரண்டு பெண் போதும். ட்வார்ஃப் கௌராமி கண்ணைப் பறிக்கும். ஆனால் விற்பனைக்கு வரும் மீன்களில் இரிடோவைரஸ் தொற்று இருக்க வாய்ப்புண்டு. அதற்கு மருந்து இல்லை. அதையே வாங்குவதானால் ஒரே ஒரு ஆண்தான், இரண்டு ஆண் விட்டால் சண்டை. நிறம் மங்கிய, புண் உள்ள, மூலையில் ஒதுங்கிய மீனைத் தவிருங்கள்.

ஆக, குர்லாவுக்கு இரண்டு தடவை போக வேண்டியிருக்கும். முதல் தடவை தொட்டி, செடி, ஃபில்டர், டெஸ்ட் கிட். ஆறு வாரம் கழித்து, பூஜ்ஜியத்தைப் பார்த்த பிறகு, மீன்.