நீர்ப்பம்பும் புவித்தொடுப்பும்

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களிலுள்ள பழைய வீட்டு வளவுகளிற் கத்தரி, வெண்டி, மிளகாய் செய்கைபண்ணுவோர் கிணற்று நீரை மின்சாரப் பம்பினால் இறைத்துப் பாத்திகளுக்குப் பாய்ச்சுவதுண்டு. வெறுங்காலுடன் ஈரமண்ணில் நின்று பம்பைத் தொடும் வேலை இது. வயற்கரையிற் பம்பு வைத்திருக்கும் நெற்செய்கையாளருக்கும் பின்வருவன பொருந்தும்.

பம்பினுள்ளே உயிர்க்கம்பியின் உறை பழுதுற்று, கம்பி இரும்புக் கூட்டிற் படுமாயின், கூடு முழுவதும் 230 உவோற்று மின்னேறும். தொடுபவரின் உடல்வழியே மின் நிலத்தை அடையும்; உயிரிழத்தலும் கூடும். கூட்டிலிருந்து நிலத்துக்கு நல்ல செப்புக்கம்பி வழி இருப்பின், மிகுந்த மின் அவ்வழியே பாய, உருகி எரிந்து மின் துண்டிக்கப்படும். இதுவே புவித்தொடுப்பு.

பழைய வீடுகள் சிலவற்றில் இக்கம்பியை இரும்பு நீர்க்குழாயுடன் கட்டுவது வழக்கமாயிருந்தது. மண்ணுள் நெடுந்தூரஞ் செல்லும் குழாய் நல்ல வழியேயாம். பின்னர் துருப்பிடித்த குழாயை அகற்றிப் பிளாத்திக்குக் குழாய் பொருத்தினால், கம்பி இருந்தவாறே இருக்கும். வழி மட்டும் அற்றுப்போகும். விளக்கு எரியும், பம்பு சுழலும், குறையொன்றுந் தோன்றாது. குழாய் மாற்றிய வீட்டார் இதனை முதலிற் பார்ப்பிக்க வேண்டும்.

நிலத்தில் ஒரு கோலைப் பதித்தாற் போதுமென்பாரும் உளர். கடற்கரையோர மணல் நீரைத் தாங்காதென்பதைத் தோட்டஞ் செய்வோர் அறிவர். வரண்ட மணல் மின்னையும் எளிதிற் கடத்தாது. கோலின் தடை 100 ஓம் ஆயின், 230 உவோற்றில் 2.3 அம்பியரே செல்லும். 15 அம்பியர் உருகி அதற்கு உருகாது. கூடு மின்னேறியபடியே நிற்கும். ஆதலாற் கோலை ஈரம் வற்றாத ஆழம்வரை இறக்குக. மழைக்காலத்திற் சோதித்ததைத் தை, மாசியில் மீண்டும் சோதிப்பித்தல் நன்று. உப்புக்காற்றினாற் பொருத்துகளிற் களிம்பு ஏறுவதையும் கவனிக்க.

இக்குறையை ஈடுசெய்வது, 30 மில்லியம்பியர் கசிவிலேயே மின்னைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச் ஆகும். அது உண்டெனப் புவித்தொடுப்பைக் கைவிடலாகாது. புவிக்கம்பி இருப்பின், பழுது நேர்ந்தவுடனே சுவிச் விழும். இல்லையேல், ஒருவர் தொட்டபின்னரே விழும். தொடுபவர் பூவாளியுடன் ஓடிவரும் சிறுவராகவும் இருக்கலாம்.

சிலர் மூன்றுமுனைப் பிளக்கை இருதுவாரச் சொக்கற்றிற் செருகுவதற்காக ஒரு முனையை வெட்டிவிடுவர். இலங்கையின் நியமமான 13 அம்பியர் சதுரமுனைப் பிளக்கில் நீண்டிருப்பது புவிமுனையே. அதனை வெட்டுதல் முற்றாகத் தவிர்க்கற்பாலது.

ட்ரிப் சுவிச்சிலுள்ள சோதனைப் பொத்தானை மாதமொருமுறை அழுத்துக. அது சுவிச்சை மட்டுமே சோதிக்கும். புவித்தொடுப்பை அளத்தற்கு மின்வேலை கற்றவரும் அவரது கருவியும் வேண்டும்.