நீர் வடியும் கண்ணும் வறண்ட கண்ணே

வங்கக் கடலின் ஈரம் காற்றில் எப்போதும் கலந்திருக்கும் கடலூரிலும், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே வயலும் வாய்க்காலும் சூழ அமைந்த சிதம்பரத்திலும், கண் வறட்சி என்றொரு வியாதி பரவலாக உண்டென்று சொன்னால் கேட்பவர் நம்பத் தயங்குவார். அதுவும், கண்ணில் ஓயாமல் நீர் வடிகிறதென்று துண்டால் துடைத்தபடி வந்து நிற்கும் ஒருவரிடம், அவருடைய கண் வறண்டிருக்கிறதென்று வைத்தியர் கூறுவாராயின், அச்சொல் அவருக்கு விபரீதமாகவே தோன்றும். ஆயினும் அது உண்மை. அந்த உண்மையை அறியாமையினாலேயே பலர் வேண்டாத மருந்துகளைக் கண்ணில் விட்டுக்கொண்டு, வேண்டிய சிகிச்சையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள்.

விழியின்மேல் பரவியுள்ள கண்ணீர்ப் படலம், ஒரு மில்லிமீட்டரை ஏறக்குறைய 300 கூறாக்கினால் அதில் ஒரு கூறளவே கனமுள்ளது. எனினும் அதில் மூன்று பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. வெண்விழியைப் போர்த்திய சவ்வில் ஊறும் பசை, நீரை விழியோடு பொருந்தச் செய்கிறது. மேல் இமைக்குள் மறைந்திருக்கும் கண்ணீர்ச் சுரப்பி, நீரைத் தருகிறது. இமைகளின் விளிம்பில் வரிசையாக வாய் திறந்திருக்கும் நுண்ணிய சுரப்பிகள், அந்நீர் ஆவியாகிவிடாதபடி மேலே எண்ணெய் பூசுகின்றன. இந்த எண்ணெய்ச் சுரப்பிகளை 1666-ஆம் ஆண்டில் ஜெர்மானிய வைத்தியர் ஹைன்ரிஷ் மைபோம் விரிவாக விவரித்தமையால், அவை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. கண் வறட்சியுள்ளோரில் பெரும்பாலோருக்குக் குறைவது நீரன்று, இந்த எண்ணெயே. எண்ணெய் குறைந்தால் நீர் விரைந்து உலர்கிறது. உலர்ந்த இடத்தில் கருவிழியின் நரம்புகள் துன்புற்று மூளைக்குச் செய்தி அனுப்ப, மூளை வெள்ளமாய் நீரைப் பெருக்குகிறது. ஆனால் அவ்விதம் அவசரமாகப் பெருகும் நீர் விழியில் தங்காமல் கன்னத்தில் வழிந்தோடிவிட, கண் மறுபடியும் வறண்டு நிற்கிறது.

ஆகவே இதனை அறிந்துகொள்ள, நீர் வடிகிறதா என்று பார்ப்பதை விட, நோயாளி சொல்லும் வார்த்தைகளைக் கவனிப்பதே மேல். "மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது", "எரியுது", "சாயங்காலமானா கண்ணைத் தொறக்க முடியல" என்பவர்களையும், படிக்கையில் எழுத்து மங்கி, கண்ணைச் சிமிட்டியவுடன் தெளிகிறதென்பவர்களையும் வறட்சியின் பேரில் சந்தேகிக்கலாம். அரிப்பே பிரதானமாயிருந்தால் ஒவ்வாமையையும், பீளை மிகுந்து இமைகள் ஒட்டிக்கொண்டால் தொற்றையும் முதலில் நினைக்க வேண்டும். கண் மருத்துவர் செய்யும் பரீட்சைகள் எளியவை. 1903-இல் ஷிர்மர் என்பவர் வகுத்த முறைப்படி, மெல்லிய வடிதாள் துண்டொன்றைக் கீழ் இமையில் மடித்து வைத்து, 5 நிமிஷத்தில் எவ்வளவு தூரம் நனைகிறதென்று அளக்கிறார்கள். 5 மில்லிமீட்டருக்கும் குறைவாக நனைந்தால் நீர்ச் சுரப்பே குன்றியிருக்கிறதென்று கொள்ளலாம். சாயமொன்றை இட்டு, சிமிட்டாமல் விழித்திருக்கச் சொல்லி, 10 விநாடிக்குள் படலம் உடைகிறதா என்று பார்ப்பது மற்றொன்று.

ஈரக் காற்றுள்ள ஊரில் கண் வறள்வதற்குக் காரணம், காற்றின் ஈரத்தை விட அதன் வேகமும், நாம் கண்ணைப் பயன்படுத்தும் விதமும் அதிகமாகப் பாதிப்பதே. சித்திரை, வைகாசியில் கடற்காற்று எழும் வரை வீசுகின்ற உஷ்ணமான மேல்காற்று ஒருபுறமிருக்க, கண்ணாடி அணியாமல் இரு சக்கர வண்டியில் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே நித்தியம் போய்வருவோரும், சம்பா அறுவடையில் இயந்திரம் கிளப்பும் தூசியில் நிற்போரும், இரவெல்லாம் மின்விசிறியின் நேர்க்கீழே இமை முழுதும் மூடாமல் உறங்குவோரும் இதற்கு ஆளாகிறார்கள். சாதாரணமாக நிமிஷத்துக்குப் பதினைந்து முறை சிமிட்டும் மனிதர், கணினியையோ செல்போனையோ உற்று நோக்குகையில் அதில் பாதியளவுகூடச் சிமிட்டுவதில்லை. சிமிட்டுவதும் அரைச் சிமிட்டாகவே நின்றுவிடுகிறது. எண்ணெய் வெளிப்படுவது இமைகள் முழுமையாகச் சந்திக்கும்போதுதான் என்பதால், இந்தச் சிறு குறை பெரிய உபத்திரவமாக முடிகிறது.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்ற வயதில் கண் வறட்சி மிகுதியாய்க் காணப்படுகிறது. கண்ணோடு வாயும் வறண்டு, தண்ணீரில்லாமல் சோற்றை விழுங்க முடியாமலும் மூட்டுகளில் வலியோடும் ஒரு பெண் இருப்பாராயின், 1933-இல் ஸ்வீடன் தேசத்துக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் விரிவாக எழுதிய நோயாக அது இருக்கக்கூடும்; அது கண்ணோடு நில்லாமல் தேகம் முழுவதையும் பற்றுவது. நம் வீடுகளில் தாயார் கண் எரிகிறதென்றால் "வயசாயிடுச்சும்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் வழக்கம் மிகுந்த தீங்கு செய்கிறது.

பரிகாரங்களில் முதன்மையானது விலையில்லாதது. எண்ணெய்ச் சுரப்பிகளில் அடைபட்டுக் கிடக்கும் பொருள், மார்கழிக் காலையில் உறைந்த நெய்யைப் போன்றது. வெதுவெதுப்பு அதனை இளக்கிவிடும். சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, சூடு பொறுக்கத்தக்கதா என்று மணிக்கட்டின் உட்புறத்தில் பார்த்துக்கொண்டு, மூடிய இமைகளின்மேல் 5 முதல் 10 நிமிஷம் வரை வைக்க வேண்டும். துணி ஆறஆற மீண்டும் நனைக்க வேண்டும். பிறகு மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் விரலால் மிருதுவாக நீவி, இமை விளிம்பைத் துடைக்க வேண்டும். ஒரு நாள் செய்து பயனில்லையென்று விடுவோரே அதிகம்; வாரக்கணக்கில் காலையும் மாலையும் செய்வோரே சுகம் காண்கிறார்கள். கணினிமுன் அமர்ந்தவர், இமை இரண்டும் நன்றாய்ப் பொருந்தும்படி அவ்வப்போது கண்ணை மூடித் திறப்பதும், திரையைக் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைப்பதும் நல்லது.

செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து அடுத்த துணை. நாளொன்றுக்கு நான்கு தடவைக்கு மேல் தேவைப்படுமானால், கெடாமலிருக்கச் சேர்க்கும் இரசாயனம் கலவாத வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அந்த இரசாயனமே விழியைப் புண்படுத்தும். 2023-இல் அமெரிக்காவில் கிருமி கலந்த செயற்கைக் கண்ணீரால் சிலர் பார்வையையே இழந்த செய்தியை நினைத்தால், திறந்த புட்டியை மாதக்கணக்கில் வைத்திருப்பதும் ஒருவர் மருந்தை மற்றொருவர் உபயோகிப்பதும் எத்தனை அபாயம் என்பது விளங்கும். கண் சிவந்தவுடன் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து, உடனே சிவப்பைத் தணித்துவிட்டு, பழகப்பழகக் கண்ணழுத்தத்தை ஏற்றிப் பார்வை நரம்பைச் சிதைக்க வல்லது.

நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய், தாய்ப்பால் ஆகியவற்றைக் கண்ணில் விடும் வழக்கமும் நம் பக்கத்தில் உண்டு. விடுபவரின் அன்பில் குறையில்லை. ஆனால் வறண்ட கருவிழியில் நுண்ணிய கீறல்கள் இருக்க, சுத்திகரிக்கப்படாத எதுவும் அதன் வழியே கிருமியைச் செலுத்திப் புண்ணாக்கிவிடும். செடியில் விளைந்ததெல்லாம் கண்ணுக்கு இதமென்று கருதுவோர், சிதம்பரத்தின் தலவிருட்சமாகி, பிச்சாவரத்து உப்பங்கழிகளில் இன்றும் நிற்கும் தில்லை மரத்தை நினைத்துக்கொள்ளட்டும்: அதன் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலோடு பார்வையும் தற்காலிகமாக மறையும். பட்டுவிட்டால் சுத்தமான நீரால் கால்மணி நேரமாவது கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கரிசலாங்கண்ணியை வள்ளலார் போற்றியது உண்பதற்கே. கீரைகள் கண்ணுக்கு நன்மை செய்வது வயிற்றின் வழியாகத்தான்.

குழந்தையின் கண் வறண்டால் விஷயம் முற்றிலும் வேறு. மாலைக்கண்ணும், வெண்விழியில் நுரைபோன்ற திட்டும் வைட்டமின் ஏ குறைவின் அடையாளங்கள். தாமதித்தால் கருவிழியே கரைந்துபோகும். இதற்காகவே 1970 முதல் இத்தேசத்தில் சிறு குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ திரவம் புகட்டப்பட்டு வருகிறது.

வலி மிகுந்தாலோ, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினாலோ, பார்வை குறைந்தாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தோன்றினாலோ அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனையும், அண்ணாமலை நகரில் முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாயிருந்து இப்போது அரசினுடையதாகிவிட்ட மருத்துவமனையும், புதுவை செல்லும் சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையும் உள்ளன. செல்லும்போது, சளிக்கும் ஒவ்வாமைக்கும் மனச்சோர்வுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் விழுங்கும் மாத்திரைகளின் அட்டைகளையெல்லாம் எடுத்துச் சென்று காட்டுங்கள். அவற்றுள் சில கண்ணீரைக் குறைப்பவை.