கல் இருக்கிறது, ஊர்தான் போனது

ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவை ஒட்டிக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்திறங்கும் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்தில் எதைக் காட்டுவது என்று பெற்றோர் தலையைச் சொறிவது வழக்கம். கோட்டை, நூலகம், நயினாதீவு, கசூரினாக் கடற்கரை, றியோ ஐஸ்கிறீம். அதோடு சரி, பிள்ளை போனுக்குள் போய்விடும். இவர்களில் சிலர் நெவாடாப் பாலைவனத்தில் ஆளற்றுக் கிடக்கும் சுரங்க ஊர்களைக் காரில் சுற்றிப் பார்த்தவர்கள். அப்படியானவர்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்று உண்டு. காங்கேசன்துறையில் தொடங்கி, மணற்காட்டால் போய், ஏ-9 வீதியில் ஏறி, ஆனையிறவைத் தாண்டிப் பரந்தனில் முடியும் வழி. தங்கமும் வைரமும் எதிர்பார்க்க வேண்டாம். சுண்ணாம்புக்கல், மணல், உப்பு, இவ்வளவுதான்.

மாவிட்டபுரம் கோபுரத்தைத் தாண்டிக் காங்கேசன்துறை வீதியில் கொஞ்சத் தூரம் போனால் பற்றைகளுக்கு மேலால் சீமெந்துத் தொழிற்சாலையின் கொங்கிறீற் உடம்பு தெரியும். இலங்கையின் முதல் சீமெந்து ஆலை இது. 1950இல் உற்பத்தி தொடங்கியது. டி. எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தோடு மூன்று ஆலைகளைச் சேர்த்துச் சொல்வார்கள்: காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் காகிதம். பொன்னம்பலத்தின் அரசியலில் ஆயிரம் குறை சொல்பவர்களும் இந்த மூன்றையும் மறுப்பதில்லை.

சீமெந்தில் பெரும்பங்கு சுண்ணாம்புக்கல்தான். அது ஆலையின் காலடியிலேயே கிடந்தது. களிமண் மட்டும் முருங்கனிலிருந்து ரயிலில் வந்தது. இரண்டையும் அரைத்து, சுழலும் சூளையில் 1,450 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் கிளிங்கர் என்ற கறுத்த உருண்டைகள் வெளியே வரும். அதனுடன் ஜிப்சம் சேர்த்துப் பொடியாக்கினால் சீமெந்து. காங்கேசன்துறைக் கிளிங்கரின் ஒரு பகுதி நாட்டின் மறுமுனையான காலிக்குப் போய் அங்கே அரைபட்டது. பின்னர் பக்கத்திலேயே லங்கா சீமெந்து என்ற பெயரில் இரண்டாவது ஆலையும் எழும்பியது. குவாட்டர்ஸ், கன்ரீன், முறைவேலைக்குச் சைக்கிளில் போய்வரும் கூட்டம் என்று ஊரின் நேரத்தையே ஆலைதான் வகுத்தது.

அங்கே வேலை பார்த்த ஒரு முதியவரோடு கீரிமலைப் பக்கம் கதைத்துக்கொண்டிருந்தேன். பற்றைக்குள் கிடந்த பெரும் பள்ளத்தைக் காட்டினார்.

“உந்தக் கிடங்கைப் பாருங்கோ தம்பி. உதுக்குள்ள கிடந்த கல்லுத்தான் காலி மட்டும் வீடாப் போய் நிக்குது. எங்கட வீட்டிலதான் சுவரில்லை.”

“எப்ப வெளிக்கிட்டனீங்கள், ஐயா?”

“தொண்ணூறாம் ஆண்டு. ரெண்டு கிழமையில திரும்பலாமெண்டு நினைச்சு, உடுப்புப் பை மட்டும் எடுத்தனாங்கள்.”

1990 ஜூன் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு காலியானது. ஆலைகள் நின்றன. பலாலியை மையமாகக் கொண்டு வளர்ந்த உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் சூளை, குவாட்டர்ஸ், தோட்டம், பள்ளிக்கூடம், கோயில் எல்லாம் அகப்பட்டன. சனம் மல்லாகம், சுன்னாகம் பக்கத்து நலன்புரி முகாம்களில் கால் நூற்றாண்டுக்கு மேல் கிடந்தது. போர் முடிந்த பிறகு காணிகள் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டன. 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கு ரயில் திரும்பியது, 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் கிடைத்தது. இன்னும் கிடைக்காத காணிகளும் இருக்கின்றன. இடையில் கடற்கரையோரம் இராணுவமே ஒரு ஹோட்டல் நடத்துகிறது. சொந்தக் காணிக்குப் போக வழியில்லாதவர், பக்கத்தில் காசு கொடுத்து அறை எடுக்கலாம் என்ற விசித்திரம் வேறெங்கும் உண்டா தெரியவில்லை.

உலகத்தின் பேர்போன சுரங்கப் பேயூர்களோடு இதை வைத்துப் பார்க்க வேண்டும். நமீபியாவின் கோல்மான்ஸ்கொப்பில் 1908இல் ரயில்பாதைத் தொழிலாளி ஒருவர் கையில் வைரம் அகப்பட்டது. ஜெர்மானியர்கள் பாலைவன நடுவில் ஐஸ் தொழிற்சாலையும் எக்ஸ்ரே கருவியும் கொண்டுவந்தார்கள். தெற்கே இதைவிடச் செழிப்பான வைரப் படுகை கிடைத்ததும் ஊர் தேய்ந்து, 1956இல் கடைசி ஆளும் போனார். இன்று வீடுகளுக்குள் முழங்காலளவு மணல். நமக்குக் கிட்டிய உதாரணம் கோலார் தங்கவயல். வட ஆற்காட்டிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் போன தமிழர்கள் பூமிக்குள் மூன்று கிலோமீற்றருக்கு மேல் இறங்கி உழைத்த இடம். தங்கத்தின் விலையைவிடத் தோண்டும் செலவு கூடியதும் 2001 பெப்ரவரி 28இல் மூடினார்கள். இரண்டிலும் கணக்கு ஒன்று: நிலத்தடியில் இருந்தது கட்டுப்படியாகவில்லை, ஆகவே ஊர் போனது. காங்கேசன்துறையில் கல் தீரவில்லை. வாங்க ஆளும் இருந்தது. ஆட்களைத்தான் அகற்றினார்கள்.

அதனால்தான் ஆலையைத் திரும்பத் திறக்கும் பேச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளம்புகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணம் அந்தக் கிடங்குகளே. குடாநாட்டில் ஆறில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை சுண்ணாம்புக்கல்லின் பொந்துகளில் இறங்கி, அடியில் ஊறியிருக்கும் உப்புநீரின் மேல் நல்ல தண்ணீராக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு உப்பு விலகி நிற்கும் என்பது நீரியல் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி உப்பு ஏறும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவரும் இருப்பது இதனால்தான். கடலுக்குப் பக்கத்திலேயே கீரிமலைக் கேணியில் நல்ல தண்ணீர் ஊறுவதும் இந்தக் கல்லின் தயவுதான். வலிகாமத்தின் வெங்காயம், புகையிலை, மரவள்ளி எல்லாம் குடித்தது இந்தத் தண்ணீரையே. இங்கே கல்லைக் கிண்டுவது என்றால் தண்ணீர்த் தொட்டியின் சுவரைக் கிண்டுவது. இந்தக் கல்லுக்குள் ஓரிடத்தில் விட்டது இன்னோரிடத்தில் வரும். சுன்னாகம் மின்நிலையச் சுற்றாடலில் கிணறுகளில் கழிவெண்ணெய் மிதந்த 2014, 2015ஐ யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பூநகரிப் பக்கம் பொன்னாவெளியில் சுண்ணாம்புக்கல் அகழ்வுக்கு எதிராகச் சனம் நாட்கணக்காகக் குந்தியிருந்ததும் சும்மா இல்லை.

மயிலிட்டிக்கு அப்பால் கரையோரமாகவே போகலாமென்று நினைக்க வேண்டாம், முகாம் மறிக்கும். திரும்பி வந்து, வசாவிளான், அச்சுவேலியால் சுற்றித் தொண்டைமானாற்றில் கடலைப் பிடியுங்கள். வல்வெட்டித்துறை, பருத்தித்துறை கடந்து வல்லிபுர ஆழ்வார் கோயிலடியில் மணல் தொடங்கும். மணற்காட்டில் அது மேடுமேடாக எழும்பும். சோளகமும் வாடையும் மாறிமாறி இழுத்துப் போட்ட மேடுகள் அவை. பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள் பாதி மணலுக்குள் புதைந்து நிற்கின்றன. கோல்மான்ஸ்கொப் படம் பார்த்தவருக்கு உடனே பொறிதட்டும். ஆனால் பக்கத்திலேயே வலை காய்கிறது, புதிய தேவாலயத்தில் பூசை நடக்கிறது, 2004 சுனாமியில் போனவர்களின் கல்லறைகளில் பூ இருக்கிறது. இது உயிருள்ள ஊர்.

வல்லிபுரத்திலிருந்து அம்பன் வரையான வெண்மணல் கண்ணாடிக்கு உதவும் சிலிக்கா. சாதாரண மணலுக்கோ போர் முடிந்து வீடு கட்டத் தொடங்கியதிலிருந்து ஓயாத கிராக்கி. புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதியோடு போகும் லொறியும் உண்டு, இராவில் விளக்கணைத்துப் போகும் உழவு இயந்திரமும் உண்டு. சுனாமியை மறித்தது இந்த மேடுகள்தான் என்று ஊரவர் சொல்வார்கள். அள்ளுகிறவர்களிலும் ஊரவர் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாகர்கோவில், மருதங்கேணி தாண்டிப் புதுக்காட்டுச் சந்தியால் ஏ-9க்கு வரலாம். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை ஆண்டுக்கணக்காக நடந்த நிலம். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால், படமெடுக்கும் ஆசையில் றோட்டை விட்டு இறங்க வேண்டாம்.

ஆனையிறவு வந்ததும் தெற்கிலிருந்து வரும் பஸ்கள் துருப்பிடித்த கவச புல்டோசருக்கு முன்னால் நிற்கும். 1991 சண்டையின் நினைவுச்சின்னம் அது. நீங்கள் உப்பளத்தைப் பாருங்கள். களப்புத் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் வற்றவைத்து, வாரிக் குவிக்கும் தொழில். 1990க்குப் பிறகு போர்முனையான இந்த வெளி 2000 ஏப்ரலில் ஒரு கைக்கும் 2009 ஜனவரியில் மறு கைக்கும் மாறியது. பாத்திகள் இப்போது மீண்டும் வெளுக்கின்றன. 2025 மார்ச்சில் இங்கே மேசையுப்பு ஆலை திறந்தபோது பொதிக்குச் சிங்களத்தில் ‘ரஜ லுணு’ என்று பெயரிட்டார்கள். ஆனையிறவு என்றாலே உப்பு என்று நாடறிந்த பெயரிருக்க இதென்ன பெயர் என்று பெரிய சண்டை கிளம்பியது. சண்டை நியாயமானதே.

இன்னும் தெற்கே, குடாநாட்டுக்கு வெளியே, பரந்தன் இரசாயன ஆலையின் எலும்புக்கூடு. ஆனையிறவு உப்பைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சி எரிசோடாவும் குளோரினும் எடுத்தார்கள். எரிசோடா வாழைச்சேனைக் காகித ஆலைக்குப் போனது, குளோரின் குடிநீர் சுத்திகரிப்புக்கு. போர் அந்தச் சங்கிலியையும் அறுத்தது. காங்கேசன்துறை, மாங்குளம், பரந்தன் ஆகிய மூன்று இடங்களிலும் முதலீட்டு வலயம் வரும் என்கிறது அரசு. மூன்றையும் ஒரே வரியில் சொல்வதுதான் எனக்கு உறுத்துகிறது. உப்பு வருடா வருடம் வெயிலோடு வரும், அதை நம்பிப் பரந்தனில் ஆலை வைக்கலாம். கழிவுநீரை எங்கே விடுவது என்று முதலே கேட்டுக்கொண்டால் போதும். காங்கேசன்துறையில் துறைமுகமும் ரயிலும் இருக்கின்றன, நாகபட்டினத்துக்குக் கப்பலும் ஓடுகிறது. அங்கே கல்லுடைக்காத தொழில் எதையும் கொண்டுவரட்டும்.