பாதுகாப்பும் வேண்டும், சுதந்திரமும் வேண்டும்

பொதுமக்கள் கூடும் இடத்தில் குண்டு வைப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. வைத்தவர் யார், எந்தக் கொள்கைக்காக வைத்தார் என்பதெல்லாம் இறந்தவரின் வீட்டாருக்குப் பொருளற்ற கேள்விகள். 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1995 யூலை 9இல் நவாலி தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர் மீது விமானக் குண்டுகள் விழுந்தன. 1996 ஜனவரி 31இல் கொழும்பு மத்திய வங்கியிலும், அதே ஆண்டு யூலை 24இல் தெஹிவளை ரயிலிலும் வேலைக்குப் போனவர்களும் வீடு திரும்பியவர்களும் மாண்டனர். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, மூன்று தேவாலயங்களிலும் மூன்று ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பலர் சிறுவர்கள்.

ஆகவே, பாதுகாப்பு வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. உயிர் வாழ்வதுதான் முதல் உரிமை. ஆனால் ஒவ்வொரு குண்டுக்குப் பின்னரும் இன்னொரு துன்பமும் தொடங்குகிறது. குண்டு வைத்தவர்களைத் தேடும்போது அவர்களுடைய மொழியைப் பேசுவோரும், அவர்களுடைய சமயத்தைப் பின்பற்றுவோரும் சந்தேக நபர்களாகிவிடுகிறார்கள்.

சந்தேகத்தின் விலை

பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிக ஏற்பாடாகவே கொண்டுவரப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்கென்று வந்த அச்சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. நீதிமன்ற வழக்கின்றி ஒருவரை 18 மாதங்கள் வரை தடுத்துவைக்க அது இடமளித்தது. 2022இல் செய்யப்பட்ட திருத்தம் அதனை 12 மாதங்களாகக் குறைத்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்திலோ அதற்கு மேலோ உள்ள அதிகாரியிடம் அளித்த வாக்குமூலத்தைச் சாட்சியாக ஏற்கவும் அச்சட்டம் வழிசெய்தது. மிரட்டிப் பெற்ற வாக்குமூலம் என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் கைதியின் தலையிலேயே விழுந்தது.

2007 யூன் 7 அதிகாலையில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மருத்துவத்துக்கு வந்தவர்களும் வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர்களும் அவர்களில் இருந்தனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் பிரதமரும் வருத்தம் தெரிவித்தார்.

2019இல் இதே சுமை முஸ்லிம் சகோதரிகள் மீது ஏறியது. ஏப்ரல் 29ஆம் திகதிய அவசரகால ஒழுங்குவிதி முகத்தை மூடுவதையே தடை செய்தது. ஆனால் தலையை மட்டும் மூடியிருந்த பெண்களும் அலுவலக வாசல்களில் தடுக்கப்பட்டார்கள். மே மாதத்தில் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன.

எமது பெண்கள் குழுக் கூட்டமொன்றில், மகனைத் தடுப்புக்காவலில் பல மாதம் தேடியலைந்த ஒரு தாய் சொன்னார்: "அப்ப எங்கட புள்ளயக் கொண்டுபோனாங்க. இப்ப அவங்கட புள்ளயக் கொண்டுபோறாங்க. பூட்டு ஒண்டுதான்." அதே கூட்டத்தில், குண்டுவெடிப்பில் உறவை இழந்த ஒரு சகோதரி இப்படிச் சொன்னார்: "என்ர பையைச் சோதிச்சா எனக்குக் கோபம் வராது. சோதிக்கிறவர் என்னை மனிசியா மதிச்சாப் போதும்." நான் சமூகவியல் படித்தபோது இந்த விடயத்தைப் பற்றிப் பல பக்கங்கள் வாசித்திருக்கிறேன். இந்த இரு பெண்களும் அதைச் சில வார்த்தைகளில் சொல்லிவிட்டார்கள்.

எங்கே கோடு போடுவது?

சுதந்திரத்தைக் குறைத்தால் பாதுகாப்பு தானாகக் கூடும் என்று பலர் எண்ணுகிறார்கள். உயிர்த்த ஞாயிறு அந்த எண்ணத்தைப் பொய்யாக்கியது. பயங்கரவாதத் தடைச் சட்டம் அன்றும் நடைமுறையில்தான் இருந்தது. தாக்குதல் பற்றிய முன்னறிவித்தல் ஏப்ரல் 4ஆம் திகதியே புலனாய்வுத் துறைக்குக் கிடைத்திருந்தது. உரியவர்கள் செயற்படவில்லை. 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதியும் பாதுகாப்பு உயர் அதிகாரிகளும் கடமையில் தவறியதாகத் தீர்ப்பளித்து நட்டஈடு செலுத்தப் பணித்தது. முன்னாள் ஜனாதிபதிக்கு மட்டும் 10 கோடி ரூபா. அங்கே குறைவாக இருந்தது அதிகாரமல்ல, பொறுப்பு.

எமது அரசியலமைப்பும் ஒரு கோடு போட்டிருக்கிறது. தேசிய பாதுகாப்புக்காக நடமாடும் சுதந்திரம் போன்ற சில உரிமைகளைச் சட்டத்தின் மூலம் மட்டுப்படுத்தலாம். ஆனால் 11ஆம் உறுப்புரை தடை செய்யும் சித்திரவதைக்கு எந்தக் காரணமும் ஏற்கப்படாது. குண்டு வைத்தவனுக்கும் அது பொருந்தும். வேலி வேண்டும்தான், வேலியே பயிரை மேயக்கூடாது.

நாம் அறிந்திருக்க வேண்டியவை

வீட்டில் ஒருவர் கைது செய்யப்பட்டால் அழுது கலங்கும் முன் இவற்றை நினைவில் வையுங்கள்:

• கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டியது அதிகாரியின் கடமை. அவருடைய பெயர், பதவி, எந்தப் பொலிஸ் நிலையம் என்பவற்றைக் கேட்டு எழுதுங்கள். கைது செய்ததற்கான பற்றுச்சீட்டைக் கேளுங்கள்.

• திகதி, நேரம், வாகன இலக்கம், அருகில் நின்றவர்கள் ஆகியவற்றையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.

• பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழான கைதை 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். அவர்கள் அறிவிப்பார்கள் என்று காத்திராமல், 1996 என்ற இலக்கத்துக்கு நீங்களும் அறிவியுங்கள்.

• அடிப்படை உரிமை மீறல் வழக்கை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், அதன் விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது.

இவற்றை உங்கள் சங்கக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். பக்கத்துக் கிராமத்துப் பெண் வேறு சமயத்தவளாக இருந்தால், முதலில் அவளுக்குச் சொல்லுங்கள். இன்று அவளுடைய வாசலில் நிற்கும் ஜீப் நேற்று எமது வாசலில் நின்றது. நேற்று எமக்காகப் பேச ஒருவரும் வரவில்லை என்ற வேதனை எமக்குத் தெரியும். அவளுக்காகப் பேச நாமாவது போவோம், சகோதரிகளே.