இரண்டாம் வாரத்தில் நின்றுபோகும் மாத்திரை

ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு கிளினிக் படியேறுபவர்கள் அபூர்வம். "தலை பாரமா இருக்கு டாக்டர்", "நெஞ்ச அடைக்குது", "ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சா அப்புறம் தூக்கமே இல்ல", "சோறு எறங்க மாட்டேங்குது" என்றுதான் சொல்வார்கள். ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், இனிப்புநீர் பார்ப்பார்கள், வலி மாத்திரையும் சத்து மாத்திரையும் கொடுத்து அனுப்புவார்கள். உடம்பைச் சொன்னவர் மனசைச் சொல்லாமலே வீடு திரும்பிவிடுவார்.

மலேசிய சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வு 2019இல் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வைக் கண்டது. 2023 ஆய்வில் அது 4.6 விழுக்காடு. அதாவது ஏறக்குறைய பத்து லட்சம் பேர். நான்கே ஆண்டில் இரு மடங்கு.

வட சிலாங்கூர் தோட்டத்து மக்களுக்கு இதற்கான காரணங்களைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. பால்மரம் போய் செம்பனை வந்தது. பிறகு பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. லயமும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் கூப்பிடு தூரத்தில் இருந்த வாழ்க்கை கலைந்து, வாடகை வீட்டிலும் ஷிப்ட் வேலையிலும் போய் நின்றது. இனிப்புநீர் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. அந்த நோய் நம் வீடுகளில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நோய் என்று தெரிந்த பிறகு வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான். மாத்திரை சாப்பிடுவதா, யாரிடமாவது மனம்விட்டுப் பேசுவதா, சாமி பார்ப்பதா? ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். மூன்றில் எது சரி என்று வாதாடுவதிலேயே மாதங்கள் ஓடிவிடுகின்றன. நோய் எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்து, நோயாளியின் சம்மதத்தோடு ஒரு வழியைத் தேர்ந்து, அதற்கு உரிய காலம் கொடுத்து, குறித்த நாளில் திரும்பப் பார்ப்பதுதான் சிகிச்சை. இதில் ஒன்று விட்டுப்போனாலும் நல்ல மருந்தும் தோற்கும், நல்ல பேச்சும் தோற்கும்.

ஒன்பது கேள்விகள்

அளவைப் பார்க்க அரசு கிளினிக்குகளில் ஒரு தாள் இருக்கிறது. பி.எச்.கியூ-9 என்பார்கள். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டம் இல்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து கிடந்ததா, தூக்கம் எப்படி, களைப்பு எப்படி, பசி எப்படி, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் வந்ததா, கவனம் நிற்கிறதா, நடமாட்டம் மந்தமாகிவிட்டதா அல்லது நிலைகொள்ளாமல் தவிக்கிறீர்களா, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27. ஐந்திலிருந்து ஒன்பது வரை இலேசு. பத்திலிருந்து நடுத்தரம். பதினைந்திலிருந்து ஓரளவு கடுமை. இருபதிலிருந்து கடுமை. ஒன்பதாவது கேள்விக்கு 'ஆமாம்' என்றால் மொத்தம் எவ்வளவாக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவர் அதைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

தாள் மட்டும் போதாது. தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதே முகத்தோடு வரும்; ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். "பல நாள் தூங்காமலே உற்சாகம் பொங்கி, காசை வாரி இறைத்த காலம் எப்போதாவது உண்டா?" என்றும் மருத்துவர் கேட்பார். அதை மறைக்கக் கூடாது. அப்படி இருந்திருந்தால் அது இருதுருவ நோயாக இருக்கலாம். அங்கே சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம்.

எந்த அளவுக்கு எந்த வழி

இலேசான நிலையில் மாத்திரையை முதல் வழியாக வைக்கத் தேவையில்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டி, நோயாளியே விரும்பிக் கேட்டாலொழிய, கடுமையில்லாத மனச்சோர்வுக்கு மருந்தை வழக்கமான முதல் சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது. பேச்சு சிகிச்சை, உடற்பயிற்சி, தூக்கத்தைச் சீராக்குவது, குடியை நிறுத்துவது என்று தொடங்கலாம். நடுத்தரத்தில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இடம் உண்டு. கடுமையாகிவிட்டால் மாத்திரையும் பேச்சும் சேர்ந்து போவது, தனித்தனியாகப் போவதைவிட நல்ல பலன் தருகிறது. சாப்பாட்டையே நிறுத்திவிட்டவருக்கும், உயிரை விடும் எண்ணம் உள்ளவருக்கும் 'முதலில் பேசிப் பார்ப்போம்' என்று நாள் கடத்துவது ஆபத்து. அவர்களுக்கு மனநல மருத்துவர் உடனே வேண்டும்.

மாத்திரைகள் வேலை செய்கின்றனவா என்ற சந்தேகத்துக்கும் பதில் இருக்கிறது. 2018இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு 21 வகை மருந்துகளையும், 522 பரிசோதனைகளையும், 1,16,477 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தது. 21 மருந்துகளும் மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தன. ஆனால் சராசரி வித்தியாசம் மிதமானதுதான். முதல் மருந்திலேயே எல்லாரும் முழுக்கக் குணமாவதில்லை. சிலருக்கு அளவைக் கூட்ட வேண்டும், சிலருக்கு மருந்தையே மாற்ற வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், முதல் மாத்திரை கேட்காதபோது நோயாளி நம்பிக்கை இழக்க மாட்டார்.

முதல் இரண்டு வாரங்கள்

நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் பேச்சு இது. "ஏம்மா, மாத்திர போடல?" என்று மகள் கேட்பாள். "அத போட்டா கொமட்டுதுடி. தலையெல்லாம் கிர்ருன்னு இருக்கு. மனசு அப்படியேதான் கெடக்கு. பக்கத்து வூட்டு அக்கா சொல்லுச்சு, இத ஆரம்பிச்சா அப்புறம் விடவே முடியாதாம்."

அந்த அம்மா சொன்னதில் முதல் மூன்றும் உண்மை. செர்ட்ரலின், எஸ்சிட்டலோப்ராம், ஃப்ளுவாக்செட்டின் போன்ற மருந்துகளில் குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, தூக்கக் கலக்கம் எல்லாம் முதல் வாரத்திலேயே தலைகாட்டும். பலனோ மெதுவாக வரும். இரண்டு வாரம் கழித்துத்தான் கொஞ்சம் தெளிவு தெரியும்; நன்றாகத் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். தொந்தரவு முன்னால் வந்து, குணம் பின்னால் வருவதால்தான் மாத்திரை இரண்டாம் வாரத்தில் நின்றுபோகிறது. பெரும்பாலானவர்களுக்கு அந்தக் குமட்டல் ஓரிரு வாரத்தில் தணிந்துவிடும். குறைந்த அளவில் தொடங்கி, சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டால் இன்னும் தாங்கும்.

அக்கா சொன்னது சரியில்லை. இவை தூக்க மாத்திரைகள் போல ஏக்கத்தை உண்டாக்குபவை அல்ல. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், உடம்பில் மின்சாரம் ஓடுவது போன்ற உணர்வு வரலாம். அதனால் மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். தேறியதும் உடனே நிறுத்தவும் கூடாது. குறைந்தது ஆறு மாதமாவது தொடர்ந்தால்தான் நோய் திரும்பும் வாய்ப்பு குறையும்.

கேட்கக் கூச்சப்படும் விஷயங்களும் உண்டு. இந்த மருந்துகளில் சில, தாம்பத்திய நாட்டத்தைக் குறைக்கும். கணவன் மனைவி இருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மூட்டுவலிக்குத் தினமும் வலி மாத்திரை போடுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படலாம். 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு முதல் வாரங்களில் உயிர்விடும் எண்ணம் கூடுகிறதா என்று வீட்டார் அருகிலிருந்து கவனிக்க வேண்டும்.

பேச்சும் ஒரு சிகிச்சைதான்

பேச்சு சிகிச்சை என்றால் ஆறுதல் சொல்வது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு முறை உண்டு, கணக்கு உண்டு. எண்ணங்களைத் தாளில் எழுதி அவற்றை எதிர்க்கேள்வி கேட்பது ஒரு முறை. அமெரிக்க மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் உருவாக்கியது. இன்னொரு முறை அதைவிட எளியது. சோர்ந்தவர் படுக்கிறார், படுப்பதால் இன்னும் சோர்கிறார். இந்தச் சுழலை வெளியிலிருந்து உடைப்பதுதான் அந்த முறை. திங்கள்கிழமை காலை ஏழு மணிக்கு வாசல் செடிக்குத் தண்ணீர், புதன்கிழமை கோயிலுக்கு நடை, வெள்ளிக்கிழமை தங்கச்சி வீட்டுக்கு ஒரு போன் என்று சின்னச் சின்னதாகக் குறித்து, மனசு வரும்வரை காத்திராமல் குறித்த நேரத்தில் செய்து, செய்த பிறகு மனம் எப்படி இருந்தது என்று எழுதுவது.

இதைப் படித்த நிபுணர்களால்தான் செய்ய முடியும் என்பதில்லை. இந்தியாவின் கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேல் குழுவினர், மருத்துவப் பின்னணியே இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறிலிருந்து எட்டு சந்திப்புகளில் இந்த முறையை நடத்தினார்கள். கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களிடமே அது பலன் தந்தது என்று 2017இல் லான்செட் இதழில் வெளியானது. ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வாசலில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். அங்கேயும் பலன் தெரிந்தது.

சாமி பார்ப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். முனீஸ்வரர் கோயிலில் விளக்கேற்றுவதும், பூசாரியிடம் திருநீறு வாங்குவதும், திருவிழா வேலையில் நான்கு பேரோடு கலந்துகொள்வதும் நோயாளிக்கு நல்லதுதான். தனிமையை உடைக்கும் எதுவும் துணைதான். 'மாத்திரையைத் தூக்கிப் போடு' என்று சொல்கிறவரிடமும், பேயோட்டுகிறேன் என்று அடிக்கிறவரிடமும், ஆயிரக்கணக்கில் வெள்ளி கேட்கிறவரிடமும் மட்டும் போகாதீர்கள். நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குடி மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது. சம்சு அன்றைய இரவைக் கடத்தும். மறுநாள் சோர்வைக் கூட்டும். மாத்திரையின் பலனையும் அது கெடுக்கும்.

தேர்வு உண்மையாக இருக்க வேண்டும்

அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளியில் மருத்துவரையும் பார்த்து மாத்திரையும் வாங்கலாம். தனியாரிடம் ஒரு மணி நேரம் பேச நூறு வெள்ளிக்கு மேல் ஆகும். மருந்தாவது எந்த மொழிக்காரருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யும், பேச்சு அப்படியில்லை. அறுபது வயது பெரியம்மாவால் புருஷன் செத்த துக்கத்தை மலாயில் சொல்லி அழ முடியாது. தமிழில் கேட்க ஆள் இல்லாத இடத்தில் 'மாத்திரையா, பேச்சா' என்று கேட்பதில் அர்த்தம் இல்லை. ஏழைத் தமிழருக்கு அங்கே மாத்திரை ஒன்றுதான் வழி.

இதை மாற்ற முடியும். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், மகளிர் குழுவினர், கோயில் நிர்வாகத்தில் உள்ளவர்கள் ஈஜோக் வட்டாரத்தில் இருக்கிறார்கள். கோவாவில் கொடுத்தது போன்ற பயிற்சியை இவர்களுக்கும் கொடுத்து, மருத்துவர் மேற்பார்வையில் கிளினிக்கில் தமிழில் பேச வைக்க வேண்டும். சுகாதார அமைச்சும், சிலாங்கூர் அரசும், நம் இயக்கங்களும் கையிலெடுக்க வேண்டிய வேலை இது. நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் ரோடு கேட்கிறோம், மண்டபம் கேட்கிறோம். இதையும் கேட்போம்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியவை சில. கிளினிக்குக்கு நோயாளியோடு ஒருவர் கூடப் போங்கள். என்ன மருந்து, எதற்காக, எத்தனை நாள், தொந்தரவு வந்தால் யாரிடம் சொல்வது, அடுத்து வர வேண்டிய தேதி எது என்று கேட்டுத் தமிழில் எழுதி வாங்குங்கள். அந்தத் தேதி வரும்வரை மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பிடிக்காவிட்டால் போய்ச் சொல்லி மாற்றச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. நஞ்சு எதுவும் நோயாளியின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. பாராகுவாட் களைக்கொல்லிக்கு 2020 முதல் தடை வந்துவிட்டது. ஆனாலும் தோட்ட வேலைக்கான மற்ற நச்சு மருந்துகள் வீட்டில் இருந்தால் பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். யாராவது "செத்துப்போயிடலாம் போல இருக்கு" என்றால் அதட்டாமல் உட்கார்ந்து கேளுங்கள், தனியாக விடாதீர்கள். உயிர்விட முயன்றவரைக் குற்றவாளியாக்கிய சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வேண்டாம். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, இரவு பகல் எந்நேரமும். ஆபத்து என்றால் 999.